நாலு அறை மின்சாரம்

வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் தண்ணீர் வருமா, காற்று வருமா என்று கேட்பார்கள். பல்லக்கா முதலில் கேட்பது வேறு.

"அண்ணே, சுவத்துல மூணு பின் பிளக் இருக்குங்களா?"

தரகர் அவளை ஏற இறங்கப் பார்ப்பார். "பிளக் இல்லாத வீடு எங்கம்மா இருக்கு?"

"நான் இருக்கிற இடத்துல இல்லீங்களே."

அது பொய்யில்லை. நாங்கள் இருவரும் தங்கியிருந்த பெண்கள் விடுதியில் எந்த அறையிலும் பிளக் கிடையாது. முன்பு இருந்ததாம். யாரோ ஒருத்தி வெந்நீர் போடும் ஹீட்டரை அணைக்காமல் வேலைக்குப் போய்விட, மெத்தை புகைந்து பெரிய அமளியாகிவிட்டது. முதலாளி எல்லாப் பிளக்கையும் பிடுங்கிச் சிமென்ட் பூசிவிட்டார். பதிலுக்கு ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் ஒரு டைப்-சி துளை வைத்தார். செல்போன் ஒயரைச் செருகலாம். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

நான் பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். வீட்டில் கால் தரிக்கவில்லை. இந்த விடுதியில் ஒரு கட்டில் எடுத்தேன். வார்டனம்மா சுவரில் இருந்த துளையைத் தன் கையால் செய்தது போலப் பெருமையாகக் காட்டினார்.

"எல்லாம் மாடர்னா மாத்திட்டோம்."

"துணி தேய்க்கணும்னா?"

"தேய்ச்ச துணியா வாங்கிக்கம்மா."

அடுத்த கட்டிலில் படுத்திருந்தவள் போர்வைக்குள்ளிருந்து சிரித்தாள். அதுதான் பல்லக்கா.

பல் செய்யும் லேப் ஒன்றில் அவளுக்கு வேலை. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள்; லேபில் பல் செய்வார்கள்; அதைச் சின்னப் பெட்டிகளில் போட்டு ஊர் முழுக்க இருக்கும் கிளினிக்குகளுக்குத் தன் பழைய மின்சார ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுப்பது அவள். தொடக்கத்தில் லேபின் பின்கட்டில் சாந்து குழைத்து அச்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தாளாம். டெலிவரி ஆள் திடீரென்று நின்றுவிட, "நான் போறேன்" என்று கையைத் தூக்கியிருக்கிறாள். அப்போது அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாது என்பதை இரண்டு சுவர்களில் இடித்த பிறகுதான் லேப்காரர்கள் கண்டுபிடித்தார்கள்.

அச்சைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். "இந்த மனுஷன் தூக்கத்துல பல்லைக் கடிக்கிறவரு. யார் மேல கோவமோ, பாவம்." "இந்தம்மா ஒரு பக்கமாவே மெல்லுறாங்க. அந்தப் பக்கத்துக்கு என்ன குறையோ." பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். கடகடவென்றால் பஞ்சு வைத்துக் கட்டுவாள். முகம் தெரியாத எத்தனையோ பேருடைய சிரிப்பு அவளது ஸ்கூட்டர் பெட்டிக்குள் குலுங்கிக்கொண்டே போகும்.

அப்படிப் போனவற்றில் ஒன்று, பாலம் கட்டும் இடத்தில் வேலை பார்க்கும் ஒரு வெல்டரின் முன்பல். இரும்புக் கம்பி பட்டு உடைந்தது. லேபில் செய்துகொடுத்த பல் நிறம் ஒத்துவரவில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். மறுபடி செய்தார்கள், மறுபடி திரும்பியது. அடுத்த முறை அக்கா பெட்டியோடு கிளினிக்குக்குள் நுழைந்தபோது, நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்த ஆள் எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்கதானா என் பல்லைத் தூக்கிக்கிட்டு ஊரைச் சுத்துறது?"

"உங்க பல்லுதான் என்னைச் சுத்த வைக்குது."

இதை என்னிடம் சொன்னபோது அக்கா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். "மொதல்ல பல்லைப் பார்த்தேன். அப்புறம்தான் ஆளைப் பார்த்தேன். தலைகீழா நடந்துபோச்சு."

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக்கு லேபில் சாந்து குழைக்கும் பெண்ணும், பாலத்தில் கிரேன் ஓட்டுகிறவரும் வந்தார்கள். நால்வருமாகச் சாப்பிட்டார்கள். சாயங்காலம் அவர் பாலத்துக்குத் திரும்பினார், அவள் விடுதிக்குத் திரும்பினாள். அவரோடு தங்க அவளுக்கு இடமில்லை. அங்கே வேலையாட்கள் தகரப் பெட்டி அறைகளில் நான்கு நான்கு பேராகப் படுக்கிறார்கள். அவளோடு தங்க அவருக்கும் இடமில்லை. விடுதி வாசலில் பலகையே தொங்கியது: திருமணமாகாத பெண்களுக்கு மட்டும். தாலியைப் பல் பெட்டி ஒன்றில் பஞ்சு வைத்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். விடுதியில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொன்ன அன்றே, "நீ எப்படியும் ஓடிப்போற ஆளு, அதான் உன்கிட்ட சொன்னேன்" என்றாள்.

பாலம் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அங்கே பஸ் போகாது. பாலம் முடிந்தால்தான் பஸ் விடுவார்கள். பாலம் முடிந்தால் அவர் அங்கே இருக்க மாட்டார். ஆக, ஸ்கூட்டர்தான் வழி.

ஸ்கூட்டருக்கு மின்சாரம் வேண்டும். அதன் பேட்டரியைக் கழற்றிக் கையில் தூக்கி வரலாம், ஒரு கைக்குழந்தை கனம். ரிப்பேர் கடையில் அவளுக்கு ஒரு ஒயர் செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு முனையைக் கட்டில் துளையில் செருகினால் மறுமுனை பேட்டரிக்குப் போகும். விடியும்வரை ஏறினால் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு நிரம்பும். மறுநாள் கிளினிக் கிளினிக்காகச் சுற்றினால் அதே ஒரு பங்கு தீர்ந்துவிடும். ஏறுவதும் இறங்குவதும் சரியாக இருக்கும். மிச்சம் என்று ஒன்று சேராது. லேபில் கேட்டதற்கு, "வண்டி உன்னுது, கரண்ட்டும் உன்னுது" என்றுவிட்டார்கள்.

போதாததற்கு லேபில் விடுமுறையை முதல்நாள் சாயங்காலம்தான் சொல்வார்கள். "நாளைக்கு வேலை கம்மி, நீ வர வேணாம்." அதைக் கேட்கும்போது பேட்டரி காலியாக இருக்கும். அவள் அந்த நாளைக் கட்டிலில் படுத்துக் கழிப்பாள். பேட்டரி பக்கத்தில் படுத்து மெல்ல நிரம்பிக்கொண்டிருக்கும். இருட்டும் நேரத்தில், பாலம்வரை போகப் போதுமான அளவு ஏறியிருக்கும். காலையில் லேபுக்குப் போக வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் இரண்டு தடவை லாரி பிடித்து வந்திருக்கிறார். வந்து, எதிர்ச்சாரியில் இருக்கும் பேக்கரியில் அவளோடு உட்கார்ந்துவிட்டு, லாரி ஹாரன் அடித்ததும் ஓடியிருக்கிறார். "ஒரு பன்னு தின்னு முடிக்கிற நேரம்தான்" என்பாள் அக்கா. "மெதுவாத்தான் தின்னோம்."

ஒருநாள் மாலை என்னையும் ரிப்பேர் கடைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரு துளைக்கு இவ்வளவுதான் கொடுக்கும்னு சொன்னீங்க. சரி. எங்க ரூம்ல நாலு கட்டில், நாலு துளை இருக்கு. நாலையும் சேர்த்து ஒரே பேட்டரிக்கு விட முடியுமா?"

"சேர்க்கலாம். ஆனா சேர்க்கிற எடம் முக்கியம்." நான்கு ஒயர்களை எடுத்து மேசையில் பரப்பினார். "துளைகிட்டயே ஒண்ணா முடிஞ்சு விட்டேன்னு வை, நாலும் ஒரே அளவுல இருக்காது. எது கொஞ்சம் கூட இருக்கோ அது தலையிலதான் மொத்தச் சுமையும் ஏறும். அது தாங்காம கையை விரிச்சிடும். அடுத்தது தலையில ஏறும். அதுவும் விரிச்சிடும். கடைசியில ஒண்ணும் வராது."

"எங்க வீட்டுல அப்படித்தான்" என்றாள் அக்கா. "மூத்தவதானேன்னு எல்லாம் என் தலையில."

கடைக்காரர் சிரிக்கவில்லை, வேலையில் இருக்கும்போது அவர் சிரிப்பதில்லை. "அதனால ஒவ்வொரு ஒயருக்கும் தனித்தனியா ஒரு போர்டு. உன்னால எவ்வளவு முடியுமோ அதை மட்டும் கொடுன்னு ஒவ்வொண்ணுக்கும் அளவு வெச்சிடுவேன். போர்டு அதை பேட்டரிக்கு ஏத்த மாதிரி உசத்திக் கொடுக்கும். பேட்டரி வாசல்லதான் நாலும் சேரும். வாசல்ல ஆளுக்கொரு டயோடு. உள்ள போறது திரும்பி வராது."

சில நாளில் அது தயாரானது. டிப்பன் டப்பா ஒன்றுக்குள் நான்கு போர்டுகள், டப்பாவின் ஒரு பக்கத்தில் நான்கு நீள ஒயர்கள், மறுபக்கத்தில் ஒரே ஒரு தடித்த ஒயர். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

எங்கள் அறையில் இன்னும் இருவர் இருந்தார்கள். ஒருத்தி நர்ஸ். இன்னொருத்தி சினிமா தியேட்டரில் டிக்கெட் கவுன்டரில் இருப்பவள். டிக்கெட் என்றே கூப்பிடுவோம். அடுத்த விடுமுறை சொல்லப்பட்ட சாயங்காலம், அக்கா இருவரிடமும் ஆளுக்கொரு துளை கேட்டாள். ஊரில் அண்ணனைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றாள். பேட்டரியைக் கட்டில்களிலிருந்து தள்ளி, வாசல் பக்கத்துக் கல் தரையில் வைத்தோம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று நர்ஸ் ஒரு வாளி மணலைப் பக்கத்தில் வைத்தாள்.

"போன்?" என்றாள் டிக்கெட்.

"ஒரு துளையில ரெண்டு முனை இருக்கிற ஒயரு. போனும் ஏறும், பேட்டரியும் ஏறும்னு கடைக்காரர் சொன்னாரு."

நான்கு ஒயர்களையும் செருகினோம். டப்பாவில் நான்கு விளக்குகள் எரிந்தன. அக்கா அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பல் பெட்டியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

காலையில் எங்கள் அறையில் ஒரு அலாரமும் அடிக்கவில்லை. நான்கு போன்களும் செத்துக்கிடந்தன. டிக்கெட் வெயில் முகத்தில் பட்டுத்தான் எழுந்தாள்.

"ஐயோ! மணி என்ன? மணி என்ன?"

யாருக்கும் மணி தெரியவில்லை. அவள் ஒரு காலில் செருப்பும் மறுகாலில் சாக்ஸுமாக ஓடினாள். ஓடும்போதே, "பேட்டரியாம் பேட்டரி! உங்க அண்ணன் நல்லா இருக்கட்டும்!" என்று கத்திவிட்டுப் போனாள்.

பேட்டரியின் மேலே ஐந்து கோடுகள் உண்டு. இரண்டுதான் எரிந்தன. எப்போதும் ஏறும் அளவுதான் ஏறியிருந்தது; ஒரு மயிரிழைகூட அதிகமில்லை. அக்கா தரையிலேயே உட்கார்ந்து அந்த இரண்டு கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவர் வேறொரு வெல்டரிடம் வேலையை மாற்றிக்கொண்டு, சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். தேய்க்க அங்கேயும் வழியில்லை; சாப்பாட்டுத் தட்டில் வெந்நீர் ஊற்றித் தேய்த்தாராம். அக்கா என் போனில் கொஞ்சம் உயிர் வந்த பிறகு அவரைக் கூப்பிட்டாள். "வரலைங்க" என்றாள். பிறகு நிறைய நேரம் அவர் பேச, இவள் ம் கொட்டினாள்.

டிப்பன் டப்பாவில் பிழையில்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். விஷயத்தை நாங்கள் கண்டுபிடித்தது எரிச்சலில்தான். அன்று மாலை நர்ஸ் தன் போனைத் துளையில் போட்டாள், டிங் என்றது. நான் என்னுடையதைப் போட்டேன். அவளுடையது அணைந்து மறுபடி டிங் என்றது. டிக்கெட் முறைத்துக்கொண்டே தன்னுடையதைப் போட்டாள். எங்கள் இரண்டும் ஒன்றாக டிங் என்றன.

"இதென்னடி, ஒருத்தி தும்மினா ஊரே தும்முது?" என்றாள் நர்ஸ்.

சுவரோடு காதை வைத்து ஒயர் போகும் வழியைத் தேடினோம். நான்கு துளைகளின் ஒயர்களும் கதவுக்குப் பின்னால் மூடி போட்ட ஒரு டப்பாவில் முடிந்தன. அது மெல்ல ரீங்காரம் செய்துகொண்டிருந்தது. அறைக்கு ஒரு டப்பா. ஒருத்தி மட்டும் செருகினால் முழுசாகக் கொடுக்கும். இரண்டு பேர் செருகினால் அதையே பாதி பாதியாக்கும். நான்கு பேர் என்றால் காலும் காலும். நாங்கள் நான்கு பேர் சேர்த்துக் கொடுத்தது ஒரே ஆளின் பங்கு. அதையும் பேட்டரியே எடுத்துக்கொள்ள, போன்கள் அணைந்து அணைந்து எரிந்து ஏறாமலே போயிருக்கின்றன.

"அப்ப நாலு துளை வேணும்னா நாலு ரூம் வேணும்" என்றேன்.

அறைக்குள் கேட்பது ஒன்று. மற்ற அறைகளின் கதவைத் தட்டினால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். அண்ணன் கதை நான்கு அறைக்குத் தாங்காது.

கொஞ்ச நாளில் அவரிடமிருந்து செய்தி வந்தது. பாலத்தில் வெல்டிங் வேலை முடிகிறது. வரும் வாரத்தோடு ஆட்களை வேறொரு இடத்துக்கு அனுப்புகிறார்கள், வடக்கே, ரயிலில் ஒரு பகலும் இரவும் போகும் தூரம். எத்தனை மாதம் என்று சொல்லவில்லை. அக்கா வண்டிப் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டே இதைச் சொன்னாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"லேபுல லீவு கொடுப்பாங்களான்னு தெரியலை. கொடுத்தாலும் முந்தின நாள்தான் சொல்வாங்க. பேட்டரி காலியா இருக்கும்."

"கதவைத் தட்டுங்கக்கா."

"தட்டினா கட்டில் போயிடும்டி."

லீவு கிடைத்தது. அன்று சாயங்காலம் அவள் லேபிலிருந்து வந்து, முகம் கழுவி, பல் பெட்டியைத் திறந்தாள். தாலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். டிப்பன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அடுத்த அறைக் கதவைத் தட்டினாள். நான் ஒயர்ச் சுருளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"இன்னிக்கு விடியறவரைக்கும் உங்க ரூம் துளை ஒண்ணு வேணும்மா. யாரும் போன் போடக் கூடாது. போனை இப்பவே, படுக்கறதுக்குள்ள ஏத்திக்குங்க."

கதவைத் திறந்த பெண்ணின் கண் முதலில் டப்பாவைப் பார்த்தது, பிறகு கழுத்தைப் பார்த்தது. "எதுக்குக்கா?"

"என் வீட்டுக்காரரைப் பார்க்கப் போகணும்."

உள்ளே இருந்த மூன்று பேரும் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார்கள்.

"உங்களுக்கு வீட்டுக்காரரா!"

"ஏன், எனக்கு வரக் கூடாதா?"

"எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

"பாலத்து மேல."

"அக்கா, அவரு பல்லு எப்படி?"

"முன்னாடி ஒண்ணு நம்ம லேபு பல்லு. மத்ததெல்லாம் சொந்தம்."

அடுத்த அறையில் ஒருத்தி, இரவில் போன் இல்லாமல் தன்னால் தூங்க முடியாது என்றாள். அவளோடு பேசிக்கொண்டிருக்கும் ஆள் யார் என்று அவளுடைய அறைக்காரிகள் கேட்கத் தொடங்கியதும் உடனே துளையைக் கொடுத்துவிட்டாள். மூன்றாவது அறை முடிந்து ஒயரை நடைபாதையில் இழுத்து வரும்போது டிக்கெட் வேலை முடிந்து படியேறி வந்தாள். விஷயம் கேட்டதும் அவளுக்குப் பழைய கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. சந்தோஷம் தாங்காமல் படிக்கட்டின் நடுவிலேயே நின்று, "ஏய், பல்லக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு!" என்று கட்டிடம் அதிரக் கூவினாள். கூவிய பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கீழே வார்டனம்மாவின் கதவு திறந்தது.

அவர் மெதுவாக மேலே வந்தார். நடைபாதையில் நான்கு அறைகளின் வாசலிலிருந்தும் நான்கு ஒயர்கள் வந்து நடுவில் டிப்பன் டப்பாவில் கூடியிருந்தன. டப்பாவிலிருந்து ஒரு ஒயர் பேட்டரிக்குப் போயிற்று. பக்கத்தில் மணல் வாளி. கட்டில்களைவிட்டு வெளியே வந்த பத்துப் பதினைந்து பெண்கள் சுவரோடு சுவராக நின்றார்கள். வார்டனம்மா ஒவ்வொரு ஒயராகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் அக்காவின் கழுத்தைப் பார்த்தார்.

"வாசல்ல போர்டு இருக்கே, படிச்சியா?"

"படிச்சேம்மா."

"எத்தனை நாளா?"

"சேரும்போது ஆகலை. அப்புறம் ஆச்சு."

வார்டனம்மா பெருமூச்சு விட்டார். "முதலாளி கேட்டா நான் என்ன சொல்லட்டும்? இன்னிக்குத் தெரியாத மாதிரி நாளைக்கும் இருக்க முடியாதும்மா. இத்தனை பேர் வாயை நான் எங்க கட்டுறது? மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்க."

"சரிம்மா."

"ஒயரைச் சுவரோரமா தள்ளு. யாராவது இடறி விழுந்து பல்லு கில்லு போயிடப் போகுது." சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சிரிப்பதற்காகச் சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. டிக்கெட் அழுதாள். அக்கா அவளைத் தட்டிக்கொடுத்தபடியே, ஒவ்வொரு ஒயரையும் சுவரோரமாகத் தள்ளினாள்.

விடிந்தபோது ஐந்து கோடுகளும் எரிந்தன. நாங்கள் சிலர் பேட்டரியைப் பிடித்துப் படியிறக்கினோம். டிப்பன் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். திரும்பி வர மறுபடி ஏற்ற வேண்டுமே. அங்கேயும் தகர அறைகளில் இதே துளைகள்தான், அறைக்கொரு டப்பா. வண்டி தெருமுனை திரும்பும்வரை ஜன்னல்களில் பெண்கள் நின்றார்கள். யாரோ ஒருத்தி, "பன்னு வேணாம்க்கா, சோறே சாப்பிடுங்க!" என்று கத்தினாள். அந்தப் பன்னுக் கதையை நான் ஒருத்தியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

மாலை ஏழு மணிக்குக் கதவு பூட்டுவார்கள். அவள் வந்தது அதற்கு நன்றாகப் பிறகு. வார்டனம்மாவே சாவியோடு வாசலில் நின்றார்.

"ஏம்மா லேட்டு?"

"சார்ஜ் ஏறலைம்மா."

"நேத்து நாலு ரூம்லேருந்து உறிஞ்சியே, அந்த டப்பா எங்க போச்சு?"

"அங்க கரண்ட் கொஞ்சம் மந்தம்."

அக்காவின் வீட்டுக்காரர் சென்ற ரயில் அடுத்த நாளே கிளம்பியது. அதற்கப்புறம் அக்கா மாலைகளில் தரகர்களோடு வீடு பார்க்கப் போனாள். அவர் திரும்பி வரும்போது இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஒரு அறை. அதில் மூன்று பின் பிளக் ஒன்று. இரண்டு பிளக் இருந்தால் ஒன்றில் இஸ்திரிப் பெட்டி. அவள் கேட்டது அவ்வளவுதான். கிடைத்தது ஊர்க்கோடியில், ஒரு அச்சகத்தின் மாடியில்.

காலி செய்யும் அன்று மாலை நான் அவளுக்கு மூட்டை கட்ட உதவினேன். டிப்பன் டப்பாவின் ஒயர்களைச் சுருட்டும்போது, "இது நல்லாத்தானேக்கா வேலை செஞ்சுது? அன்னிக்கு அங்க மட்டும் ஏன் ஏறலை?" என்று கேட்டேன்.

அக்கா கதவுப் பக்கம் பார்த்துவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏறிச்சு. பயங்கரமா ஏறிச்சு. அந்த ஆளுங்க தங்கமானவங்கடி. நான் போய் இறங்கினதும், 'அண்ணி, நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்குறோம்'னு பேட்டரியைத் தூக்கிட்டுப் போய் நாலு தகர ரூம்லயும் ஒயரை மாட்டிட்டாங்க. டப்பாவையும் பேட்டரியையும் வெளிய நிழல்ல, ஒரு பெஞ்சுக்குக் கீழ வெச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் அந்த பெஞ்சுல உக்காந்தோம். என்ன பேசினோம்னு கேக்காத, ஞாபகம் இல்லை. குனிஞ்சு பாத்தா ரெண்டு கோடு. கொஞ்சம் பேசிட்டுக் குனிஞ்சா மூணு கோடு. அஞ்சு ஆனா நான் கிளம்பணும். இருட்டறதுக்குள்ள போகணும்னு அவருதான் சொல்லியிருந்தாரு."

"அப்புறம்?"

"கை கழுவப் போனேன். திரும்பி வரேன், மூணு விளக்குதான் எரியுது. ஒரு ஒயரு கழண்டு கிடக்குது. அவரு எங்கேயோ வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு, ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி." அக்கா ஒயரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "நான் ஒண்ணும் கேக்கலை. கொஞ்ச நேரத்துல அந்த கிரேன் அண்ணன் வந்து, 'அடடா, ஒயரு கழண்டிருக்கு, பாக்கக் கூடாதா?'ன்னு மாட்டிட்டுப் போயிட்டாரு. இவரு முகம் போன போக்கைப் பாக்கணுமே. கிரேன் அண்ணன் அந்தப் பக்கம் போனதும் நானே காலால ஒண்ணை இழுத்து விட்டேன்."

"அவர் பார்த்தாரா?"

"பாத்தாரு. அவரும் கேக்கலை. சாயங்காலம்வரைக்கும் கிரேன் அண்ணன் மாட்டுறதும் நாங்க கழட்டுறதும்தான். பாவம் அந்த மனுஷன், 'இந்த டப்பாவே சரியில்லை அண்ணி, கடைக்காரன் ஏமாத்திட்டான்'னு திட்டினாரு. கடைசியில ஒரே ஒரு ஒயரு மட்டும் ஓடிச்சு. அந்த ஒண்ணைக் கழட்ட எங்க ரெண்டு பேருக்குமே மனசு வரலை. கழட்டினா வீடு வந்து சேர முடியாதே."

டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, துணிகளுக்கு நடுவில், உடையாதபடி வைத்தாள்.

"அஞ்சாவது கோடு எரியும்போது நல்லா இருட்டிடுச்சு. அவருதான் மொதல்ல பாத்தாரு. பாத்துட்டு, அது மேல துண்டைப் போட்டு மூடிட்டாரு."